யாங்கோனில் கரண்டு வந்து போகும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மரில் யாங்கோன், தன்லின், பகோ பக்கம் இருக்கும் நம் குடும்பங்களும், புதிதாக வாடகை வீடு பிடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சுற்று முறையில் கரண்டு விடும் பட்டியல் அடிக்கடி மாறும் என்பதால் மணிக்கணக்கை இங்கே எழுதவில்லை. எந்தப் பட்டியல் வந்தாலும் செல்லுபடியாகும் விஷயங்கள் மட்டும்தான்.

சித்திரை வந்தால் ஏன் இவ்வளவு மோசம்? மழைக்காலத்தில் கொஞ்சம் பரவாயில்லையே?

இந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணைகளிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஜப்பான் தந்த போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டி 1960இல் ஓட ஆரம்பித்த பலுச்சாங் நீர்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. மண்டலே அருகே 2010இல் வந்த யேவா அணை 790 மெகாவாட் திறன் கொண்டது. ஆனால் திறன் வேறு, தண்ணீர் வேறு. மார்ச் முதல் மே வரை ஆற்றில் நீர் வற்றும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் நம் புத்தாண்டும் வரும் அதே வெயிலில்தான் எல்லா வீட்டிலும் விசிறி நிற்காமல் சுழலும். எரிவாயு இந்தப் பள்ளத்தை நிரப்பலாம். ஆனால் கடலடி வயல்கள் பழையதாகி வருகின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம்: இன்வெர்ட்டரோ பேட்டரியோ வாங்குவதாக இருந்தால் தை, மாசியிலேயே வாங்கிவிடுங்கள். பங்குனியில் கடைக்குப் போனால் விலையும் கூடியிருக்கும், மாட்டிக்கொடுக்க ஆளும் கிடைக்காது.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு சாமானின் பின்னாலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். மூன்று எல்இடி விளக்கு 27 வாட், ஒரு மேசை விசிறி 45, வைஃபை பெட்டி 10, இரண்டு போன் சார்ஜ் 10. மொத்தம் 92 வாட்.

12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட், அதாவது ஈய-அமில பேட்டரியில் பெயருக்கு 1,200 வாட்-மணி இருக்கும். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், ஆகவே 600. இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடும். கைக்கு வருவது 500 என்று வையுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு இது ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். இன்னொரு விசிறி சேர்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குப் பக்கம் வந்து நிற்கும்.

பழைய விசிறியை விட்டு 20 வாட் டிசி விசிறிக்கு மாறினால் அதே பேட்டரி ஏழு மணி நேரம் தாண்டும். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

லெட் ஆசிட்டா, லித்தியமா? விலை வித்தியாசம் மலைபோல இருக்கிறதே.

இங்கே எல்லாரும் "கரண்டு எத்தனை மணி நேரம் போகிறது" என்றுதான் யோசிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. எத்தனை மணி நேரம் வருகிறது என்பதுதான் பேட்டரியின் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியை ஏறத்தாழ 10 ஆம்பியர் வேகத்தில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். இரவில் பாதி, அதாவது 50 ஏஎச் செலவழித்துவிட்டீர்கள். காலையில் நான்கு மணி நேரம் கரண்டு வருகிறது. அதற்குள் ஏறுவது 40. இழப்பு போக 35. மீதி 15 கடன். அடுத்த சுற்றில் இன்னொரு 15. நாலைந்து சுற்றில் பேட்டரி காலியாகத்தான் இருக்கும், நீங்களும் "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று போய் நிற்பீர்கள். அவர் ஏமாற்றவில்லை. முழுதாக நிரம்பாத லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். மூன்று வருஷம் வர வேண்டியது ஒரு வருஷத்தில் போய்விடும். வெயிலும் சேர்ந்துகொள்கிறது: சூடு 10 டிகிரி கூடினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பாதி நிரம்பினாலும் கோபித்துக்கொள்ளாது. 30 ஆம்பியரில் தாராளமாக ஏற்றலாம்; 80 ஏஎச் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். அடியாழம் வரை எடுக்கலாம், 100 ஏஎச்சில் கைக்கு ஏறத்தாழ 1,000 வாட்-மணி வரும். லெட் ஆசிட் சில நூறு சுற்றில் ஓய்ந்துவிடும் என்றால் இது 2,000 சுற்றுக்கு மேல் போகும். ஒரு நாளில் இரண்டு சுற்று ஓடும் ஊரில் அந்தக் கணக்கு பெரியது.

ஆகவே என் பதில்: கரண்டு ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் வரும் இடத்தில் லெட் ஆசிட் போதும். துண்டு துண்டாக வரும் இடத்தில் கடன் வாங்காத அளவுக்கு முடிந்தால் லித்தியம். முடியாவிட்டால் லெட் ஆசிட்டில் விளக்கும் வைஃபையும் மட்டும் ஓட்டுங்கள். விசிறிக்குத் தனியாகச் சார்ஜ் ஏறும் மேசை விசிறி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மின்வண்டிகளிலிருந்து கழற்றிய செல்களைப் புது உறை போட்டு விற்கிறார்கள். எடை பாருங்கள்: 100 ஏஎச் 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 10 கிலோவுக்கு மேல் இருக்கும். கையில் பூப்போல வந்தால் உள்ளே செல் குறைவு. அப்புறம் உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியம் என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லெட் ஆசிட்டுக்கான சார்ஜ் முறை இதற்குப் பொருந்தாது.

கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து ஓட்டலாமா?

ஓடும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். கார் பேட்டரி என்பது இன்ஜினைக் கிளப்ப ஒரு நொடியில் நிறையக் கொடுப்பதற்காகச் செய்தது. மணிக்கணக்கில் மெதுவாக உறிஞ்சினால் சில மாதங்களில் செத்துவிடும்.

இன்வெர்ட்டர் போட்டால் விசிறி "ங்ங்" என்று இரைகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. மலிவு இன்வெர்ட்டர் தரும் அலை படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் அது போதும். மோட்டார் உள்ள எதுவும் இரையும், சூடாகும், ஆயுள் குறையும். "ப்யூர் சைன் வேவ்" என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கிரைண்டரும் பிரிட்ஜும் ஓட்டுவதாக இருந்தால் வேறு வழியில்லை.

ரைஸ் குக்கரை இன்வெர்ட்டரில் போடலாமா? இன்டக்‌ஷன் அடுப்பு?

வேண்டாம். 700 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணிக்கு மேல். ஒரு வேளைச் சோற்றுக்குப் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும், இரவெல்லாம் விசிறி இல்லாமல் உட்கார வேண்டும். சூடாக்கும் சாமான் எதுவும் பேட்டரிக்கு ஆகாது: குக்கர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், வெந்நீர் ஹீட்டர் எல்லாம் அந்த ஜாதி.

கரண்டு இருக்கும்போதே சோறு வடித்து ஹாட்பேக்கில் மூடி வைப்பது நடக்கிற காரியம். இல்லையென்றால் கேஸ். கரியடுப்பு என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், படுக்கும் அறையில் கூடவே கூடாது. கரிப்புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அப்படியானால் மாவு கிரைண்டரும் ஆகாதா?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். ஆகும். இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் 150 முதல் 200 வாட் வரைதான் எடுக்கும். 35 நிமிஷம் அரைத்தாலும் 100 வாட்-மணி சொச்சம். குக்கர் தின்பதில் மூன்றில் ஒரு பங்கு. கிளம்பும் நொடியில் மட்டும் மோட்டார் பல மடங்கு இழுக்கும். அதனால் 1,000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) சைன் வேவ் இன்வெர்ட்டராவது இருக்கட்டும். அப்போது விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். மிக்ஸி 500, 750 வாட் என்று பயமுறுத்தினாலும் இரண்டு நிமிஷ வேலை; ஆனால் சிறிய இன்வெர்ட்டர் அதன் இழுப்பைத் தாங்காமல் அணைந்துவிடும்.

உண்மையான தொல்லை அரைத்த பிறகுதான். ஏப்ரல் சூட்டில் மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், பிரிட்ஜ் குளிராவிட்டால் மாலைக்குள் புளித்து நாறும். வாரத்துக்கு ஒரு தடவை அரைக்கும் பழக்கத்தை வெயில் முடியும்வரை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். தெருமுனையில் மொஹிங்கா (மீன் சூப் நூடுல்ஸ்) கடை இருக்கும் ஊரில் ஒரு வேளை இட்லி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

பிரிட்ஜில் மீன் வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம். ஃப்ரீசர் நிரம்ப இருந்தால் இரண்டு நாள் வரை, பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். அதனால் ஃப்ரீசரில் இருக்கும் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டிலால் நிரப்புங்கள். கரண்டு வரும்போது அது உறையும், போனால் மற்றதைக் காக்கும். குழந்தைகள் "என்ன இருக்கிறது" என்று திறந்து பார்ப்பதைத் தடுக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

கரண்டு வந்தவுடன் முதலில் எதைப் போடுவது?

தண்ணீர் மோட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். வரிசை சரி, நேரம்தான் தப்பு. "மீ லா பீ" (கரண்டு வந்தாச்சு) என்று தெருவே கத்தும் அந்த நிமிஷத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே சமயத்தில் கிளம்பும். வோல்ட்டேஜ் படுத்துவிடும். குறைந்த வோல்ட்டேஜில் மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு அதிகக் கரண்டு இழுக்கும், சுருள் கருகும். யாங்கோனில் மோட்டார் கட்டும் கடைக்காரர்களுக்கு வேலை குறையாததற்கு இது ஒரு காரணம்.

பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். அதற்குள் பேட்டரி சார்ஜ் ஏறட்டும். வோல்ட்டேஜ் 200க்கு மேல் நிற்கிறது என்று ஸ்டெபிலைசரின் முள் காட்டிய பிறகு மோட்டார், அப்புறம் குக்கர், அப்புறம் துணி துவைக்கும் இயந்திரம். மூன்றையும் சேர்த்துப் போட்டால் மீட்டர் பக்கத்து பிரேக்கர் விழும். அதை ஏற்றிவிடக் கீழே இறங்கி ஏறுவது வயதானவர்களுக்குத் தண்டனை.

மேல்மாடியில் இருப்பவர்கள் தொட்டியை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். பேட்டரியில் மோட்டார் ஓட்டுவதைவிடத் தொட்டியில் தண்ணீர் வைத்திருப்பது மலிவு.

ஸ்டெபிலைசர் அவசியமா?

பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் அவசியம். புது டிவி, லேப்டாப், போன் சார்ஜர் இவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். பின்னால் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். வாங்கும் ஸ்டெபிலைசரில் மூன்று முதல் ஐந்து நிமிஷத் தாமத வசதி இருக்கட்டும். கரண்டு போய் உடனே வந்தால் கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இறங்கியிருக்காது. அந்த நிலையில் கிளம்பினால் அடி. அந்த வசதி இல்லாதவர்கள் கரண்டு போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து மிக்ஸி கொண்டுவந்தால் ஓடுமா?

ஓடும். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உருண்டை மூன்று முள் பிளக் பல சுவர்களில் அப்படியே போகும், இல்லையென்றால் எல்லாவகைத் துளையும் உள்ள பலகையை எந்த மின்கடையிலும் வாங்கலாம். தளர்ந்த பலகையில் மட்டும் குக்கரை மாட்டாதீர்கள், உருகும்.

கரண்டு போனால் இன்டர்நெட்டும் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கிறது.

ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே கையடக்க மினி யுபிஎஸ் விற்கிறது. பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதனுடன் பொருந்த வேண்டும். இன்வெர்ட்டர் வாங்க முடியாத வீட்டிலும் முதலில் வாங்க வேண்டிய சாமான் இதுதான் என்பேன். போன் டேட்டாவை நம்ப முடியாது. கரண்டு நீண்ட நேரம் போனால் டவர்களின் பேட்டரியும் தீரும், தெருவே ஒரே டவரில் தொங்கும்.

அடுக்குமாடியில் சோலார் போட முடியுமா?

மொட்டை மாடி யாருடையது என்று முதலில் பேசி முடியுங்கள். பேனல் வாங்கிவிட்டு மேல்வீட்டுக்காரருடன் சண்டை போட்டவர்கள் உண்டு. இடம் கிடைத்தால் தெற்கு பார்த்து, 17 டிகிரி அளவில் சாய்த்து வையுங்கள். யாங்கோன் இருப்பது அந்த அட்சரேகையில். 550 வாட் பேனல் ஒன்று கோடையில் ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். மழைக்காலத்தில் பாதிக்கும் கீழே போகலாம். ஆனால் கரண்டு அதிகம் தேவைப்படுவதே கோடையில்தான், ஆகவே கணக்கு நமக்குச் சாதகம். பால்கனியில் தொங்கவிட்டால் எதிர்க் கட்டடத்தின் நிழல் விழும். அரை பேனலில் நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

மீட்டர் பில் திடீரென்று கூடியது ஏன்?

படிக்கட்டு விலைதான் காரணம். 2019 ஜூலையில் வந்த முறையில் முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் 35 கியாட், 200 யூனிட்டைத் தாண்டியதற்கு 125 கியாட். அதற்குப் பிறகு விலை ஏறினாலும் படிக்கட்டு முறை அப்படியேதான் இருக்கிறது: அதிகம் எரித்தால் மேல் படிக்கு அதிக விலை. பேட்டரியை நிரப்புவதும் பில்லில் சேரும். அதில் கால் பங்கு வரை சூடாக வீணாகிறது. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவரும் மேல் படி விலை கட்டுகிறீர்கள். தனி மீட்டருக்கு மனுப் போடுவது அலைச்சல், ஆனாலும் பலன் உண்டு.

மின்வண்டி வாங்கலாமா? சார்ஜுக்கே கரண்டு இல்லையே?

2022 கடைசியில் மின்வண்டிக்கு இறக்குமதி வரியை எடுத்தபோதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. கணக்கு இப்படி: சாதாரணப் பிளக்கில் 2 கிலோவாட் எடுத்து நான்கு மணி நேரம் ஏற்றினால் 8 யூனிட். சிறிய வண்டி யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போகும். இழப்பையும் கழித்தால் 40 கிலோமீட்டருக்கு மேல். தன்லினிலிருந்து நகரத்துக்குப் போய்த் திரும்பப் பெரும்பாலும் போதும். பெட்ரோல் வரிசையில் நிற்பது மிச்சம்.

ஆனால் வண்டியை நிறுத்தும் இடத்தில் உங்கள் மீட்டரின் கரண்டு வர வேண்டும். தெருவில் நிறுத்துகிற அடுக்குமாடிக்காரர் வாங்கக் கூடாது. ஐந்தாம் மாடியிலிருந்து மணி கட்டிய கயிறு இறக்கிச் சாமான் வாங்குவது மாதிரி சார்ஜ் ஒயரை இறக்க முடியாது.

வலப்பக்கம் ஓட்டுகிற ஊரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்கிறதே, எப்படிச் சமாளிப்பது?

1970 டிசம்பர் 6ஆம் தேதி நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளோ வலக்கை ஸ்டியரிங். ஓட்டுபவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டிப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் இடைவெளி விட்டு, முழுதாகத் தெரிந்த பிறகே முந்துங்கள். இதை ஊரிலிருந்து வருபவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது வலக்கதவுதான், இடக்கதவைத் திறந்தால் வண்டி வந்து மோதும். மோட்டார் சைக்கிள் ஆசை இருந்தால் யாங்கோனில் விட்டுவிடுங்கள். 2003 முதல் தடை.

மண்டலேக்கு எக்ஸ்பிரஸ்வேயில் போகிறோம், என்ன பார்க்க வேண்டும்?

டயர், டயர், டயர். கான்கிரீட் சாலை வெயிலில் கொதிக்கும், டயர் வெடித்துக் கவிழ்ந்த வண்டிகள் ஏராளம். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். 115 மைல் நிறுத்தத்தில் எல்லாரும் சாப்பிட இறங்கும்போது ஒரு சுற்று நடந்து நான்கு டயரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதில் காற்று குறைவாக இருக்கலாம்.

பவர் பேங்கை ஊருக்குக் கொண்டுபோகலாமா? பழைய பேட்டரியை என்ன செய்வது?

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில் மட்டும், பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை பிரச்சினையில்லை; 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. எண் அழிந்து போயிருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்வெர்ட்டர் லித்தியம் பேட்டரியைப் பயணப் பெட்டியில் கொண்டுபோகவே முடியாது, அங்கேயே வாங்குங்கள்.

செத்த லெட் ஆசிட் பேட்டரியை ஈயத்துக்காக வீசைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி எடையைக் குறைக்கச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். இருக்கும் பேட்டரிக்கு மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். சாமி விளக்குக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கும் வீடுகள் இன்றைக்கே அதை வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.